சுருளும் மோட்டாரும் சரியான எண்ணைத் தராதபோது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்படுவதற்கு முன்பு அங்கே வாங்கிய கம்பிச்சுருள்கள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இன்னும் என்னிடம் இருக்கின்றன. எதன் மேலும் எழுத்து இல்லை. அளந்து பார்க்காமல் அவற்றில் ஒன்றைக்கூடச் சுற்றில் வைக்க முடியாது.

போன மாதம் என் அக்காள் மகன், பாலிடெக்னிக் செயல்திட்டத்துக்காக ஒரு டிரோன் மோட்டாரை எடுத்துக்கொண்டு எங்கள் வீவக வீட்டுக்கு வந்தான். சாப்பாட்டு மேசையில் கருவிகளைப் பரப்பி அதன் மின்தூண்டலை மூன்று முறை அளந்தான். மூன்று எண்கள் வந்தன. "மாமா, இதில் எது சரி?" என்று கேட்டான். மூன்றும் சரியாக இருக்கலாம் என்றேன். அவன் நம்பவில்லை. அவனுக்காக எழுதத் தொடங்கிய குறிப்பு இது.

மின்தூண்டல் என்பது, மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு. இண்டக்டன்ஸ் என்று பணிமனையில் சொல்லும் இந்த அளவு, கல்லின் எடையைப்போல ஒரே எண்ணாக நிற்காது. எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு மின்னோட்டத்தில், மோட்டார் என்றால் ரோட்டர் எனும் சுழலும் பாகம் எங்கே நிற்கையில் அளந்தோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. கீழே வரும் சிக்கல்களில் பல, இதை மறப்பதால் வருபவை. மற்றவை சுற்றில் இருக்கும் உண்மையான பிழைகள். இரண்டையும் பிரித்தறிவதுதான் வேலை.

நான் பயன்படுத்தும் சுற்றுகள் இரண்டு.

முதல் சுற்றில் வேண்டிய அதிர்வெண்ணில் மாறுதிசை மின்னழுத்தம் தரும் சிக்னல் ஜெனரேட்டர், 100 ஓம் மின்தடை, சுருள் மூன்றும் தொடராக இருக்கும். ஜெனரேட்டரின் மின்னழுத்தம், மின்தடையின் மின்னழுத்தம், சுருளின் மின்னழுத்தம் ஆகிய மூன்றையும் அளக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் சுருளுக்கு இணையாக அளவு தெரிந்த ஒரு மின்தேக்கி. 1.5 வோல்ட் பேட்டரியை 100 ஓம் மின்தடை, ஓர் அழுத்து சுவிட்ச் வழியாக இந்த இணைக்குத் தர வேண்டும். சுவிட்சை விட்டவுடன் மணி அடித்ததுபோல மின்னழுத்தம் அதிர்ந்து தணியும். அந்த அலையை, மின்னழுத்தத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் ஒற்றைப் பதிவாகப் பிடித்து, ஓர் அலைக்கான நேரத்தை எடுக்க வேண்டும். அந்த நேரத்தின் வர்க்கத்தை 39.5ஆலும், பிறகு மின்தேக்கியின் அளவாலும் வகுத்தால் மின்தூண்டல் கிடைக்கும். 10 மில்லிஹென்றி சுருளும் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் என்றால் நான்கு அலைகளுக்கு ஏறக்குறைய 2.51 மில்லிவிநாடி ஆகும். அதிர்வெண் 1,592 ஹெர்ட்ஸ்.

அறிகுறி: ஆஸிலோஸ்கோப்பின் கிளிப்பை வைத்ததும் வீட்டில் மின்சாரம் போய்விடுகிறது

எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நிலத்துக்கு மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எனும் சுவிட்ச், மின்பெட்டியில் தன் கடமையைச் செய்திருக்கிறது. அதை மேலே தள்ளிவிட்டு மறுபடியும் முயலக் கூடாது.

நமது மூன்று முள் பிளக்கின் நில இணைப்பு ஆஸிலோஸ்கோப்பின் உலோகப் பெட்டி வழியாக அந்தக் கறுப்புக் கிளிப்புக்கு நேராக வருகிறது. 230 வோல்ட் மின்சாரத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள எந்த இடத்தில் அந்தக் கிளிப்பைக் கடித்தாலும் மின்னோட்டம் நிலத்துக்குப் பாயும். ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால் அந்த வழி உங்கள் கையாகவும் இருந்திருக்கலாம். நில முள்ளைக் கழற்றிவிட்டு வேலை செய்யும்படி சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் ஆஸிலோஸ்கோப்பின் பெட்டியே 230 வோல்ட்டில் நிற்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

50 ஹெர்ட்ஸில் அளக்கத்தான் வேண்டும் என்றால், 12 வோல்ட் தரும் தனிச் சுருள் கொண்ட சாதாரண மின்மாற்றி போதும். அந்தச் சுருளுக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. 12 வோல்ட்டும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால் மின்விசிறி மோட்டார் வரை அளந்துவிடலாம்.

அறிகுறி: சுருளின் குறுக்கே எதுவும் இல்லை, மின்தடை மேல் முழு மின்னழுத்தமும் வருகிறது

இதுவும் அந்தக் கிளிப்பின் வேலைதான். இந்த முறை ஆபத்து இல்லை, குழப்பம் மட்டும். ஜெனரேட்டரின் கறுப்பு முனை பெரும்பாலும் நிலத்தோடு இணைந்திருக்கும். ஆஸிலோஸ்கோப்பின் கிளிப்பும் அப்படியே. மின்தடையின் மின்னழுத்தத்தைப் பார்க்கலாம் என்று, மின்தடையும் சுருளும் சேரும் நடு முனையில் கிளிப்பை வைத்தால், கீழே இருக்கும் சுருளின் இரு முனைகளும் நிலத்தின் வழியாக ஒன்றாகிவிடுகின்றன. சுருள் சுற்றிலேயே இல்லாததுபோல் ஆகிறது. கணினியின் யூ.எஸ்.பி.யில் ஓடும் சிறு ஜெனரேட்டர்களிலும், கணினியில் செருகும் ஆஸிலோஸ்கோப்புகளிலும் இது நடக்கும், ஏனென்றால் இரண்டுக்கும் அந்தக் கணினியே பொது நிலம்.

கிளிப்பை எப்போதும் ஜெனரேட்டரின் கறுப்பு முனையில் மட்டும் வையுங்கள். முதல் சானலை ஜெனரேட்டரும் மின்தடையும் சேரும் மேல் முனையிலும் இரண்டாம் சானலை நடு முனையிலும் வைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கச் சொல்லுங்கள். கழிக்கும் வசதி இல்லாவிட்டால் மின்தடையையும் சுருளையும் இடம் மாற்றி இரண்டாவது முறை அளக்கலாம். பேட்டரியில் ஓடும் மல்டிமீட்டருக்கு இந்தக் கவலையே இல்லை.

அறிகுறி: இரண்டு மின்னழுத்தங்களையும் கூட்டினால் மொத்தம் வரவில்லை

பிழை இல்லை. வந்துவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். சுருளின் மின்னழுத்தம் மின்னோட்டத்துக்கு முன்னே ஓடுகிறது, அதனால் கூட்டல் நேர்கோட்டில் அமையாது. ஒரு நல்ல 10 மில்லிஹென்றி சுருளை, சொந்த மின்தடை 20 ஓம் என்று வைத்துக்கொண்டு 1,000 ஹெர்ட்ஸில் பார்ப்போம். மின்தடை மேல் 1.000 வோல்ட் வரும்படி ஜெனரேட்டரைச் சரிசெய்தால் சுருள் மேல் 0.659 வோல்ட்டும் மொத்தமாக 1.354 வோல்ட்டும் இருக்கும்.

மூன்று எண்களையும் அளக்கச் சொன்னதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. மொத்தத்தின் வர்க்கத்திலிருந்து மற்ற இரண்டின் வர்க்கங்களையும் கழித்து, மின்தடை மேல் இருக்கும் மின்னழுத்தத்தின் இருமடங்கால் வகுங்கள். 0.200 வோல்ட் வரும். சுருள் மின்தடையைப்போல நடந்துகொள்ளும் பங்கு அது. 0.659இன் வர்க்கத்திலிருந்து 0.200இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 0.628 வோல்ட். மின்னோட்டம் 10 மில்லிஆம்பியர், ஆகவே மின்மறுப்பு, அதாவது மின்தூண்டலால் மட்டும் வரும் எதிர்ப்பு, 62.8 ஓம். அதை 6.283ஆலும் 1,000ஆலும் வகுத்தால் 10 மில்லிஹென்றி. சுருளின் மின்தடையைத் தனியாக ஓம்மீட்டரில் அளந்து கழிக்கும் வழியைவிட இது மேலானது. சுருளுக்குள் இருக்கும் இரும்பில் வீணாகும் ஆற்றலும் அந்த 0.200க்குள் வந்துவிடுகிறது. ஓம்மீட்டருக்கு அது தெரியவே தெரியாது.

அறிகுறி: கணக்கில் வர்க்கமூலத்துக்குள் எதிர்மறை எண் வருகிறது

அல்லது ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெரிய எண்கள் வருகின்றன. சுருளின் காந்தத்தால் திறந்து மூடும் சுவிட்சான ரிலேயின் சுருளில் இதை அதிகம் பார்ப்பீர்கள். 400 ஓம் மின்தடையும் 100 மில்லிஹென்றியும் கொண்ட சுருளை 50 ஹெர்ட்ஸில் அளந்தால் மின்மறுப்பு வெறும் 31 ஓம், மின்தடையும் சேர்ந்த மொத்த மின்னெதிர்ப்பு 401 ஓம். நாம் தேடும் செய்தி முழுவதும் அந்த ஒரு ஓமுக்குள் ஒளிந்திருக்கிறது. மீட்டரின் சாதாரணப் பிழையே அதைவிடப் பெரியது. மின்மறுப்பு, சுருளின் மின்தடைக்குச் சமமாகவாவது வரும் வரை அதிர்வெண்ணை ஏற்றுங்கள். இந்த ரிலேக்கு 1,000 ஹெர்ட்ஸில் 628 ஓம் கிடைக்கும் என்று கணக்கு சொல்கிறது. உண்மையில் சற்றுக் குறைவாக வரும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அறிகுறி: அதிர்வெண்ணை மாற்றினால் எண்ணும் மாறுகிறது

முதலில் மீட்டரைச் சந்தேகியுங்கள். மலிவான மல்டிமீட்டர்கள் பலவற்றில் மாறுதிசை அளவு 400 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பத்தக்கது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. சோதனை எளிது. சுருளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு 100 ஓம் மின்தடையை வைத்து, 100 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 வரை ஏற்றிக்கொண்டே போங்கள். மின்தடைக்கு அதிர்வெண் தெரியாது. எண் சரிந்தால் சரிவது மீட்டர்.

அதனால் மீட்டரைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. நமக்குத் தேவை சுருளின் மின்னழுத்தத்துக்கும் மின்தடையின் மின்னழுத்தத்துக்கும் உள்ள விகிதம்தான். ஒரே ரேஞ்சில் வைத்து அளந்தால் இரண்டும் ஒரே அளவில் குறைந்து, விகிதத்தில் பிழை பெரும்பாலும் அடிபட்டுவிடும். இரண்டு மின்னழுத்தங்களும் நெருக்கமாக வரும்படி தொடர் மின்தடையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். அலை சைன் அலையாக இருக்கட்டும். சராசரியை அளந்து சைன் அலைக்காகத் திருத்திக் காட்டும் மீட்டர்கள் சதுர அலையில் 11 விழுக்காடு கூடுதலாகக் காட்டும். சுருளின் மேல் சதுர அலையின் வடிவமே வேறாகிவிடுவதால் அந்தப் பிழை விகிதத்தில் அடிபடாது.

மீட்டர் நல்லது என்று தெரிந்த பிறகும் எண் மாறினால், எந்தப் பக்கம் மாறுகிறது என்று பாருங்கள்.

அதிர்வெண் ஏற ஏற எண் குறைந்தால், சுருளுக்குள் அல்லது அருகில் உலோகம் இருக்கிறது. சுருளின் நடுவே இருக்கும் உள்ளகத்தின் இரும்பில் சுழல் மின்னோட்டங்கள் பிறந்து, சுருளின் காந்தப்புலத்தை எதிர்க்கின்றன. ரிலேயில் இருப்பது திண்ணமான இரும்புத் தண்டு, அதனால்தான் கணக்கில் வந்ததைவிடக் குறைவு. மெல்லிய தகடுகளை அடுக்கிய உள்ளகத்தில் இந்த வீழ்ச்சி மெதுவாக வரும், மின்சாரம் எளிதில் பாயாத காந்தப் பொருளான ஃபெர்ரைட்டில் மிக மெதுவாக. இது சுருளின் குணம், உங்கள் தவறு அன்று. எந்த அதிர்வெண்ணில் சுருள் வேலை செய்யப்போகிறதோ அங்கே அளந்து, எண்ணோடு அதிர்வெண்ணையும் எழுதிவையுங்கள்.

எண் ஏறினால், சுருளின் கம்பிச் சுற்றுகளுக்கு இடையே இருக்கும் சொந்த மின்தேக்கம் காரணம். சுருள் தானே ஒத்ததிரும் அதிர்வெண்ணை நெருங்குகிறீர்கள். அந்த அதிர்வெண்ணில் பத்தில் ஒரு பங்கில் பிழை 1 விழுக்காடு, மூன்றில் ஒரு பங்கில் 12 விழுக்காட்டுக்கு மேல். கீழே இறங்கி அளப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை.

அறிகுறி: இரண்டாம் சுற்றில் அலை அதிரவே இல்லை, ஒரு தடவை துள்ளிவிட்டு அடங்குகிறது

மனம் தளர வைக்கும் அறிகுறி இதுதான். நிதானமாக ஒவ்வொன்றாக விலக்க வேண்டும்.

சுருளோடு வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா? ரிலே பலகையில் சுருளுக்கு இணையாக டையோடு இருக்கும். பொம்மைக் கார் மோட்டாரின் பிரஷ் முனைகளில் 100 நானோஃபாரட் மின்தேக்கிகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். மின்மாற்றி என்றால் அதன் மற்ற சுருள்கள் எதனோடும் இணைந்திருக்கக் கூடாது. எல்லாவற்றையும் கழற்றுங்கள்.

அடுத்து, மின்தேக்கி பெரிதாகிவிட்டதா? 20 ஓம் கொண்ட அந்த 10 மில்லிஹென்றி சுருளுக்கு 1 மைக்ரோஃபாரட் வைத்தால் ஒவ்வோர் அலையும் முந்தியதில் பாதி அளவுக்குச் சுருங்கும். 10 நானோஃபாரட் வைத்தால் அதிர்வெண் பத்து மடங்காகி 15.9 கிலோஹெர்ட்ஸுக்குப் போகும், உள்ளகம் நல்லதாக இருந்தால் அலைகள் வரிசையாக நிற்கும். மின்தேக்கியை நூறில் ஒரு பங்காகக் குறைத்துப் பாருங்கள்.

அப்போதும் செத்த அலைதான் என்றால், சுருளுக்குள் எங்கோ கம்பியின் இனாமல் பூச்சு உரிந்து ஒரு கம்பிச் சுற்று தன்னோடு தானே ஒட்டியிருக்கலாம். ஓம்மீட்டர் இதைக் காட்டாது. ஆயிரம் சுற்றில் ஒன்று ஒட்டினால் மின்தடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றம், யாருக்குத் தெரியும்? அதிர்வுக்குத் தெரியும். உறுதிசெய்ய எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. உள்ளகத்தைச் சுற்றி ஒரே ஒரு சுற்றுத் தடித்த கம்பியைப் போட்டு, அதன் இரு முனைகளையும் முறுக்கி இணையுங்கள். நல்ல சுருள் என்றால் அலை உடனே சரிந்து விழும். நீங்கள் கம்பி போட்டும் ஏதும் மாறவில்லை என்றால், அந்தக் கம்பி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. சுருளை மறுபடியும் கட்ட வேண்டியதுதான்.

திண்ணமான இரும்பு உள்ள ரிலேக்கும், இரும்புத் தண்டை இழுக்கும் சுருளான சோலினாய்டுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது. அவை நல்ல நிலையில் இருந்தாலும் சரியாக அதிரா. முதல் சுற்றுக்குத் திரும்புங்கள்.

ஓர் எச்சரிக்கை. பெரிய மின்மாற்றியின் சுருளில் பேட்டரியைத் துண்டிக்கும்போது, இணை மின்தேக்கி இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கான வோல்ட் எழும்பும். வெறுங்கையால் முனைகளைப் பிடித்துக்கொண்டு துண்டிக்காதீர்கள்.

அறிகுறி: அலை அழகாக வருகிறது, ஆனால் மின்தூண்டல் 20, 30 விழுக்காடு தவறு

மின்தேக்கியின் மேல் எழுதியிருப்பதை நம்பிவிட்டீர்கள். நேரத்தில் 1 விழுக்காடு பிழை என்றால் விடையில் 2 விழுக்காடு. மின்தேக்கியில் 20 விழுக்காடு என்றால் விடையிலும் அப்படியே 20. சிறிய செராமிக் மின்தேக்கிகளில் மலிவான வகைகள் வெப்பத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் ஏற்பத் தம் அளவை மாற்றிக்கொள்ளும். மின்னாற்பகுப்பு வகையை இங்கே வைக்கவே கூடாது, அலை இரு பக்கமும் ஆடுவது அதற்கு ஆகாது. மின்னணுப் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவருக்குப் போகும்போது பாலிபுரொப்பிலீன் ஃபிலிம் மின்தேக்கிகள், 5 விழுக்காடு அல்லது அதற்கும் நெருக்கமான பிழை எல்லை உள்ளவையாக, 1 மைக்ரோஃபாரட்டில் ஒன்று, 10 நானோஃபாரட்டில் ஒன்று, 1 நானோஃபாரட்டில் ஒன்று வாங்கி, இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: சிறிய சுருள்களில் மட்டும் தவறு

10 மைக்ரோஹென்றிக்குக் கீழே போனால் கம்பிகளும் பேசத் தொடங்கும். நேரான கம்பி ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி தரும். கிளிப்புகளை ஒன்றோடொன்று இணைத்து அளந்து, வரும் எண்ணைக் கழியுங்கள். மின்தேக்கம் பக்கம், ஒரு மடங்கு நிலையில் இருக்கும் புரோப், அதாவது ஆஸிலோஸ்கோப்பின் அளவைக் கம்பி, ஏறத்தாழ 100 பைக்கோஃபாரட் சேர்க்கும், பத்து மடங்கு நிலையில் 10 முதல் 15. எனவே 1 நானோஃபாரட்டுக்குக் குறைந்த மின்தேக்கியை வைக்காதீர்கள்.

அறிகுறி: மின்னோட்டத்தைக் கூட்டினால் எண் மாறுகிறது

இரும்பு உள்ளகத்தில் மிகச் சிறிய மின்னோட்டத்தில் எண் குறைவாகவும், கொஞ்சம் கூட்டினால் அதிகமாகவும், மேலும் கூட்டினால் மறுபடியும் குறைவாகவும் வரும். கடைசிக் குறைவுதான் தெவிட்டல். உள்ளகம் இனி காந்தப்புலத்தை ஏற்க மறுக்கிறது. மின்தூண்டல், மின்தேக்கம், மின்தடை மூன்றையும் அளக்கும் கையடக்க எல்.சி.ஆர். மீட்டர் மிகச் சிறிய சிக்னலில் அளப்பதால் இதைக் காட்டாது.

காண வேண்டும் என்றால் சுருளுக்கு நிலையான 12 வோல்ட்டை, மின்னணு சுவிட்சாக வேலை செய்யும் ஒரு மாஸ்ஃபெட் வழியாகக் குறுகிய நேரம் கொடுத்து, 0.1 ஓம் மின்தடை மேல் மின்னோட்டத்தைப் பாருங்கள். சுருளுக்கு இணையாக டையோடு அவசியம், மறந்தால் மாஸ்ஃபெட் போய்விடும். 1 மில்லிஹென்றி சுருளில் 100 மைக்ரோவிநாடிக்குள் மின்னோட்டம் 1.2 ஆம்பியருக்கு நேர்கோடாக ஏறும். கோடு நிமிர்ந்து செங்குத்தாகத் திரும்பும் இடம் எதுவோ, அந்தச் சுருளின் எல்லை அது.

அறிகுறி: மோட்டாரில் ஒவ்வொரு முறையும் வேறு எண்

அக்காள் மகனின் கேள்விக்கு வந்துவிட்டேன். அவன் மோட்டாரில் காந்தங்கள் 14, அதாவது 7 ஜோடி. ரோட்டர் நிற்கும் இடத்தைப் பொறுத்து இரு கம்பிகளுக்கு இடையிலான மின்தூண்டல், ஒரு முழுச் சுற்றில் 14 முறை ஏறி இறங்கக்கூடும். ஓர் உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் இடையே 26 பாகைக்கும் குறைவு. விரல் பட்டாலே இடம் மாறிவிடும். அவன் மூன்று எண்களும் மூன்று இடங்கள்.

ரோட்டரை அட்டைத் துண்டால் அசையாமல் பிடித்து, சிறிது சிறிதாகத் திருப்பி ஒவ்வொரு நிலையிலும் அளந்து, மிகப் பெரிய எண்ணையும் மிகச் சிறிய எண்ணையும் இரண்டையுமே குறித்துக்கொள்ளுங்கள். இவ்வகை மோட்டார்களில் பத்து இருபது மைக்ரோஹென்றிதான் இருக்கும் என்பதால் முதல் சுற்று 1,000 ஹெர்ட்ஸில் பயன்படாது, மின்னழுத்தம் ஓரிரு மில்லிவோல்ட்தான் வரும். இரண்டாம் சுற்றில் 1 மைக்ரோஃபாரட்டை வைத்து, பேட்டரியின் 100 ஓமை 10 ஓமாகக் குறையுங்கள். 20 மைக்ரோஹென்றிக்கு ஓர் அலை 28 மைக்ரோவிநாடி.

மோட்டாரின் மூன்று கட்டங்களில் (ஃபேஸ்) ஒன்றின் மின்தூண்டல் வேண்டும் என்றால், நட்சத்திர இணைப்பில் இரு கம்பிகளுக்கு இடையே வந்த எண்ணில் பாதி, முக்கோண இணைப்பில் அதன் ஒன்றரை மடங்கு. எந்த இணைப்பு என்று வெளியிலிருந்து தெரியாவிட்டால் பாதியையே கட்டுப்பாட்டுப் பலகைக்குக் கொடுக்கலாம். பலகை மோட்டாரைப் பார்ப்பது நட்சத்திரமாகத்தான்.

பிரஷ் உள்ள மோட்டாரில் காரணம் வேறு. ரோட்டரின் சுருள்களுக்கு மின்னோட்டத்தைப் பிரித்துத் தரும் செப்பு வளையமான கம்யூட்டேட்டரின் எந்தத் துண்டுகளை பிரஷ் தொடுகிறது என்பது மாறுகிறது, மிகச் சிறிய மின்னோட்டத்தில் பிரஷின் தொடுகையே நிலையாக இல்லை. மின்னோட்டத்தைச் சற்றுக் கூட்டி, ஏழெட்டு நிலைகளில் அளந்து சராசரி எடுங்கள். 50 ஹெர்ட்ஸில் அளக்கும்போது தண்டை இறுகப் பிடியுங்கள். காந்தத்துக்குள் ரோட்டர் நடுங்கினால் அது தானே மின்னழுத்தத்தை உண்டாக்கி எண்ணைக் கெடுத்துவிடும்.

அறிகுறி: மின்விசிறி மோட்டாரில் 1,000 ஹெர்ட்ஸில் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு

பிளக்கைக் கழற்றி, மோட்டாரோடு இணைந்த மின்தேக்கியை மின்தடை வழியாக வெறுமையாக்கித் துண்டித்துவிட்டீர்களா? அது இணைந்திருந்தால் நீங்கள் அளப்பது இரண்டையும் சேர்த்து.

துண்டித்த பிறகும் குறைவுதான் என்றால், உள்ளே இருக்கும் ரோட்டரின் கூண்டை நினைத்துப் பாருங்கள். அலுமினியப் பட்டைகள் இரு முனையிலும் வளையத்தால் இணைக்கப்பட்டிருக்கின்றன. இப்படிக் கூண்டு ரோட்டர் கொண்ட இண்டக்ஷன் மோட்டார் நின்றிருக்கும்போது, இரண்டாம் சுருளைக் குறுக்கிணைத்த மின்மாற்றிக்குச் சமம். மேலே சொன்ன ஒற்றைச் சுற்றுக் கம்பிச் சோதனையை மோட்டார் பிறவியிலேயே செய்துகொண்டிருக்கிறது. நமக்குக் கிடைப்பது கசிவு மின்தூண்டல், அதாவது கூண்டோடு பிணையாத காந்தப்புலத்தால் வரும் பங்கு, மட்டும். அதிர்வெண்ணைக் குறைக்கக் குறைக்கக் கூண்டின் எதிர்ப்பு தளர்ந்து எண் ஏறும். ரோட்டரைக் கழற்றிவிட்டு அளந்தால் காற்றிடைவெளி பெரிதாகி இன்னோர் எண் வரும், அதையும் மோட்டாரின் எண் என்று கொள்ள முடியாது.

ஆகவே விசிறி பழுதா என்று பார்க்க மட்டும் அளக்கிறீர்கள் என்றால், தனி எண்ணைத் தேடாதீர்கள். அதே மாடலில் ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு விசிறியை எடுத்து, இரண்டிலும் ரோட்டரை உள்ளேயே வைத்து, அதே 12 வோல்ட் மின்மாற்றியில் 50 ஹெர்ட்ஸில், முதன்மைச் சுருளை முதன்மையோடும் துணைச் சுருளைத் துணையோடும் ஒப்பிடுங்கள். ஒரு சுருளில் மட்டும் எண் கணிசமாகத் தாழ்ந்திருந்தால், பழுது அந்தச் சுருளில் இருக்கிறது.